ஆய்வக அறிக்கைக்கான கட்டற்ற மென்பொருள்: ஓப்பன்எலிஸ், பாம்னி, செனைட் – எதைத் தேர்வது?

நூறு படுக்கைகள் கொண்ட ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் ஆய்வகத்தை இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் இத்தகைய ஆய்வகங்கள் பல உண்டு. இரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டர், முழுத் தானியங்கி உயிர்வேதியியல் கருவி, சோடியம், பொட்டாசியம் பார்க்கும் எலக்ட்ரோலைட் கருவி, தைராய்டு முதலிய ஹார்மோன்களுக்கான கருவி, வளர்ப்புச் சோதனைக்கு ஓர் இன்குபேட்டர் ஆகியவை அங்கே இருக்கும். கருவிகள் தரமானவை, பணியாளர்கள் அனுபவம் மிக்கவர்கள். ஆயினும் கருவி காட்டும் எண் முதலில் பதிவேட்டில் கையால் எழுதப்பட்டு, பின்னர் வேர்டு கோப்பிலோ எக்செல் தாளிலோ மறுபடியும் தட்டச்சு செய்யப்பட்டு, அச்சாகி, நோயியல் மருத்துவரின் கையெழுத்துக்குப் போகிறது. இந்தக் கைமாற்றங்களை நீக்கக் கட்டற்ற திறமூல மென்பொருள்களில் எதை நம்பலாம் என்பதே இங்கே எழும் கேள்வி. ஓப்பன்எலிஸ் குளோபல், பாம்னி, செனைட் ஆகிய மூன்றையும் விரிவாகவும், பிளிஸ் என்ற சிறிய மென்பொருளைச் சுருக்கமாகவும் பார்க்கிறேன்.

விலையை வைத்து இந்தத் தேர்வைத் தொடங்கக் கூடாது என்று கருதுகிறேன். நான்குமே உரிமக் கட்டணம் இல்லாதவை. ஆகவே விலை அவற்றைத் தரம் பிரிக்க உதவாது. திரைகளின் அழகும், வசதிகளின் நீண்ட பட்டியலும்கூட அவ்வளவாக உதவுவதில்லை. கருவியிலிருந்து வெளிவரும் எண் மனிதக் கைபடாமல் சரியான நோயாளியின் பெயருக்குக் கீழே போய்ச் சேர்கிறதா, அதை ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியே போகிறதா, வெளியே போனபின் திருத்தினால் அந்தத் திருத்தத்தின் தடம் நிற்கிறதா என்ற மூன்றுமே முதலில் பார்க்க வேண்டியவை.

டெங்குக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கருவி ஆயிரத்தின் மடங்காக 120 என்று காட்டும். அறிக்கையிலோ 1,20,000 என்றும், சில ஆய்வகங்களில் 1.2 லட்சம் என்றும் எழுதுவது நம் வழக்கம். இந்த மாற்றத்தைச் செய்வது கருவியும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் ஒரு மனிதரின் மனக்கணக்கு. அங்கே ஒரு சுழியம் விடுபட்டால் 12,000 என்று அச்சாகும். வார்டில் இருப்பவருக்குத் தட்டணு ஏற்ற வேண்டுமா என்ற பேச்சு தொடங்கிவிடும். முந்தைய நாள் அதே நோயாளிக்கு 1,35,000 இருந்தது என்பதை மென்பொருள் அறிந்திருந்தால், இவ்வளவு பெரிய வீழ்ச்சியைக் கண்டு எச்சரித்திருக்கும். ஆய்வகத்தினர் டெல்டா செக் என்று சொல்லும் இந்த ஒப்பீட்டை எக்செல் தாள் தானாகச் செய்யாது. அலகுகள் வேறுபடும் இடங்களிலும் இதே ஆபத்து உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்புபவர் சில வேளைகளில் கிரியேட்டினினை மைக்ரோமோல் அலகில் தெரிவிக்கும் அறிக்கையைக் கொண்டுவருவார், அதை 88.4 ஆல் வகுத்தால்தான் நம் மில்லிகிராம் அலகு கிடைக்கும். குளுக்கோஸுக்கு மில்லிமோலை 18 ஆல் பெருக்க வேண்டும். அலகையும், இயல்பான அளவின் எல்லைகளைக் காட்டும் மேற்கோள் வரம்பையும் எண்ணோடு பிரிக்க முடியாதபடி கட்டிவைப்பது மென்பொருளின் முதற்கடமை.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. நம்மிடம் குடும்பப்பெயர் கிடையாது. ஓர் எழுத்து முதலெழுத்தும் முருகன், லட்சுமி போன்ற ஒரு பெயருமே இருக்கும். ஒரே நாளில் இரண்டு எம். லட்சுமிகள் வருவது அரிதான செய்தியே இல்லை. எனவே மருத்துவமனை எண்ணும், குழாயின்மீது ஒட்டும் பார்கோடும் இல்லாமல் எந்த மென்பொருளை நிறுவினாலும் பிழை குறையாது. பார்கோடு அச்சிடும் சிறு அச்சுப்பொறியையும் மென்பொருளையும் ஒரே செலவாகக் கணக்கிடுவதே சரி.

ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தர ஆவணத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான், ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெறும் ஆய்வகங்கள் இப்போது பின்பற்றுகின்றன. அறிக்கையில் எவையெல்லாம் இருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்தைக் காட்டும் முடிவுகளை உடனே யாருக்குத் தெரிவித்தோம் என்பதை எப்படிப் பதிய வேண்டும், வெளியான அறிக்கையைத் திருத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அது தெளிவாகக் கேட்கிறது. திருத்தப்பட்ட அறிக்கை திருத்தப்பட்டது என்றே அடையாளம் காட்ட வேண்டும். முதலில் போன முடிவும் பதிவில் இருக்க வேண்டும். வேர்டு கோப்பைத் திறந்து, எண்ணை மாற்றி, அதே பெயரில் சேமிக்கும் பழக்கம் இந்தத் தேவைக்கு நேர் எதிரானது. அங்கீகாரம் வேண்டாம் என்று இருக்கும் ஆய்வகத்துக்கும் இது பொருந்தும். ஏனெனில் தவறான முதல் அறிக்கையை வைத்து மருந்து எழுதிய மருத்துவருக்கு, எது எப்போது மாறியது என்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அங்கீகாரத்தால் வருவதில்லை.

கருவியோடு பேசுவது

மூன்று மென்பொருள்களையும் பிரிக்கும் பெரிய கோடு இங்கேதான் இருக்கிறது. வாங்கும்போது பலர் கேட்க மறக்கும் கேள்வியும் இதுதான். ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் இரண்டு மொழிகளில் ஒன்றைப் பேசும். ஒன்று ஏ.எஸ்.டி.எம். என்ற பழைய முறை. கருவியின் பின்புறமுள்ள சீரியல் துளை வழியாகவோ பிணையம் வழியாகவோ வரி வரியாகச் செய்தி வரும். மற்றது எச்.எல்.7 முறை. சிஸ்மெக்ஸ் செல் கவுன்டர்களில் முதல் முறையையும், மைண்ட்ரே நிறுவனத்தின் பல கருவிகளில் இரண்டாவதையும் காணலாம். சிறிய அரைத் தானியங்கிக் கருவிகள் பலவற்றில் அச்சுப்பொறிக்குப் போகும் வெளியீட்டைத் தவிர வேறெதுவும் இருக்காது. அவற்றின் முடிவுகளைக் கையால்தான் பதிய வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

இணைப்பிலும் இரண்டு வகை உண்டு. கருவி முடிவை மட்டும் அனுப்புவது ஒருவழி. பார்கோடைப் படித்தவுடன் இந்தக் குழாய்க்கு என்னென்ன பரிசோதனை என்று கருவியே கணினியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இருவழி. செல் கவுன்டருக்கு ஒருவழியே போதும், ஏனென்றால் எல்லாக் குழாய்க்கும் அது ஒரே பரிசோதனையைத்தான் செய்கிறது. உயிர்வேதியியல் கருவிக்கு இருவழி இருந்தால், பரிசோதனைகளைத் தேர்ந்து கருவித் திரையில் தட்டும் வேலை நீங்கும். தேர்வுப் பிழையும் நீங்கும். கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே இணைப்பு ஆவணத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். கருவி வந்து இறங்கிய பிறகு கேட்டால், இணைப்புக்கெனத் தனிக் கட்டணம் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு.

ஓப்பன்எலிஸ் குளோபல்

அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வகங்களுக்காகத் தொடங்கிய ஓப்பன்எலிஸ் முயற்சியிலிருந்து கிளைத்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ-டெக் குழுவால் ஏழை நாடுகளின் ஆய்வகங்களுக்கேற்ப வளர்க்கப்பட்டது ஓப்பன்எலிஸ் குளோபல். ஹைத்தியிலும் ஐவரி கோஸ்டிலும் அரசு ஆய்வகங்களில் நீண்ட காலமாக இயங்குகிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் மொரீஷியஸின் அரசு ஆய்வகங்களிலும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. மின்சாரமும் இணையமும் நம்பகமில்லாத இடங்களில் தேறிய மென்பொருள் என்பதை நான் பெரிய தகுதியாகக் கருதுகிறேன். உள்ளூர்ச் சர்வரில் நிறுவிவிட்டால் இணையம் துண்டித்தாலும் ஆய்வகம் நிற்காது.

ஜாவா மொழியில் எழுதப்பட்டு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தரவைச் சேமிக்கிறது. மென்பொருளை அதற்குத் தேவையான துணைப்பகுதிகளோடு ஒரே பொதியாக இயக்கும் டாக்கர் வழியாக நிறுவலாம். மாதிரி பதிவு, முடிவு இடுதல், ஒப்புதல், அறிக்கை என்ற வரிசையை அது கறாராகப் பின்பற்றுகிறது. முடிவை இட்டவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்று உரிமைகளைப் பிரித்துவைக்கலாம். கருவி இணைப்புகள் தனித்தனிச் செருகு நிரல்களாக உள்ளன. நம்மிடமுள்ள கருவிக்கு ஏற்கெனவே செருகு நிரல் இருந்தால் வேலை எளிது, இல்லையெனில் ஜாவா அறிந்த ஒருவர் அதை எழுத வேண்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு வரம்பை மீறினால் அடுத்த பரிசோதனையைத் தானாகச் சேர்க்கும் விதிகளையும், கணக்கிட்டுப் பெறும் முடிவுகளையும் நிர்வாகியே திரையில் அமைக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். எல்.டி.எல். கொழுப்பை ஃப்ரீடுவால்டு சூத்திரத்தால் கணக்கிடும் ஆய்வகங்கள், டிரைகிளிசரைடு 400 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதை மென்பொருளுக்குச் சொல்லித்தர வேண்டும். மென்பொருள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் கணக்குப் போட்டுவிடும். எப்போது போடக் கூடாது என்பதை ஆய்வகம்தான் எழுதிவைக்க வேண்டும்.

ஃபயர் என்று அழைக்கப்படும் புதிய தரவுப் பரிமாற்ற முறை ஓப்பன்எலிஸ் குளோபலுக்குள்ளேயே இருப்பது அதன் மிகப் பெரிய பலம். பின்னாளில் மருத்துவமனை ஓப்பன்எம்.ஆர்.எஸ். போன்ற நோயாளிப் பதிவு மென்பொருளைக் கொண்டுவந்தால், மருத்துவர் எழுதும் பரிசோதனைக் கோரிக்கை ஆய்வகத்துக்கு வரவும், முடிவு திரும்பிப் போகவும் வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. இந்திய அரசு 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவித்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கமும் இதே முறையைத்தான் ஏற்றுள்ளது. நோயாளியின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண்ணோடு ஆய்வக அறிக்கையை இணைக்க வேண்டி வரும்போது, அடித்தளம் மாற்ற வேண்டியிராது. ஆனால் அந்த இயக்கத்துடன் இணைவதற்கான சான்றளிப்பு வேலை தனியே செய்யப்பட வேண்டியதே.

அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிரியல் வளர்ப்புச் சோதனை பல நாள்களில் படிப்படியாக விரிவது. முதல் நாள் வளர்ச்சி இல்லை, இரண்டாம் நாள் கிராம் நெகட்டிவ் கோல்கள், மூன்றாம் நாள் கிருமியின் பெயர், பிறகு மருந்துகளுக்கு அதன் உணர்திறன் என்று அறிக்கை வளர்ந்துகொண்டே போகும். உயிர்வேதியியலுக்குப் பொருந்துவதுபோல் இந்தப் போக்குக்கு ஓப்பன்எலிஸின் அமைப்பு இயல்பாகப் பொருந்துவதில்லை.

பாம்னி

சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கனியாரி என்ற ஊரில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனையின் தேவைகளிலிருந்து, தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் முயற்சியால் உருவானது பாம்னி. இது தனி ஆய்வக மென்பொருள் இல்லை. நோயாளிப் பதிவுக்கு ஓப்பன்எம்.ஆர்.எஸ்., ஆய்வகத்துக்கு ஓப்பன்எலிஸ், கட்டணத்துக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ என்று மூன்றையும் ஒரு கூரையின்கீழ் கொண்டுவந்த முழு மருத்துவமனை அமைப்பு. மருத்துவர் தம் அறையில் பரிசோதனையைக் குறித்தவுடன் அது ஆய்வகத் திரையில் தோன்றும். ஒப்புதல் பெற்ற முடிவு மருத்துவரின் திரைக்கே திரும்பும். பெயரை மறுபடி எழுதும் வேலையே இல்லாததால், மேலே சொன்ன எம். லட்சுமிக் குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இந்திய மருத்துவமனை ஒன்றில் பிறந்தது என்பதால் புறநோயாளி வரிசை, பதிவுக் கட்டணம், முகவரி அமைப்பு ஆகியவை நமக்குப் பழக்கமான வடிவில் இருக்கின்றன. மருத்துவமனை முழுவதும் காகிதத்தில் இயங்குகிறது, எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற நிர்வாகம் உறுதியாக இருக்கிறது என்றால், பாம்னியை முதலில் பார்ப்பதே முறை. ஆனால் ஆய்வகத்தை மட்டும் சீர்செய்ய விரும்புபவருக்கு இது அளவுக்கு மீறிய சுமை. நோயாளிப் பதிவு மைஎஸ்கியூஎல்லிலும், ஆய்வகமும் கட்டணமும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் இருப்பதால், பல தரவுத்தளங்களைக் காப்பாற்றி, அவற்றுக்கு இடையிலான ஒத்திசைவு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்திசைவு ஓர் இடத்தில் தடைபட்டால், ஆய்வகத்தில் முடிவு இருக்கும், மருத்துவர் திரையில் இருக்காது. அதைக் கவனித்துச் சரிசெய்யும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலும் பாம்னிக்குள் இருக்கும் ஓப்பன்எலிஸ், தனிக் கிளையாகப் பிரிந்து வளர்ந்த பழைய வடிவம். முந்தைய பகுதியில் ஓப்பன்எலிஸ் குளோபலுக்குச் சொன்ன புதிய வசதிகள் அதிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாம்னி லைட் என்ற எளிய பதிப்பில் ஓப்பன்எலிஸ் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

செனைட்

தென்னாப்பிரிக்காவில் பிறந்த பிகா என்ற ஆய்வக மென்பொருளிலிருந்து பிரிந்து, ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் உள்ள இரண்டு சிறு நிறுவனங்களின் உழைப்பில் வளர்ந்தது செனைட். குடிநீர், உணவு, மண் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வகங்களில் வேரூன்றிய மென்பொருள் இது. நோயாளி விவரங்கள் ஒரு கூடுதல் தொகுப்பின் மூலம் சேர்க்கப்படுகின்றன. இந்தப் பின்னணியால் ஒரு நன்மை விளைந்திருக்கிறது. தரக் கட்டுப்பாடு, கருவியின் அளவுத்திருத்தச் சான்று, மேற்கோள் மாதிரிகள், பணித்தாள் ஆகியவற்றில் செனைட் காட்டும் கண்டிப்பை மற்ற இரண்டிலும் நான் காணவில்லை. ஒரு முடிவுக்கு எத்தனை பேர் ஒப்புதல் தர வேண்டும் என்பதையே அமைக்கலாம். வெளியான அறிக்கை தவறென்று தெரிந்தால், பழைய மாதிரிப் பதிவு செல்லாதது என்று குறிக்கப்பட்டு, மறுபரிசோதனைக்கான புதிய பதிவு அதனோடு இணைந்தே பிறக்கிறது. தர ஆவணம் கேட்கும் தடம் இங்கே மென்பொருளின் இயல்பிலேயே அமைந்துவிடுகிறது. கிருமிகளின் மருந்து உணர்திறனைப் பதிவதற்கும் தனித் தொகுப்பு உண்டு. ஆகவே நுண்ணுயிரியல் வேலை அதிகமுள்ள ஆய்வகம் இதைத் தள்ளிவிடக் கூடாது.

தமிழில் அறிக்கை தர நினைப்பவர்களுக்குச் செனைட்டில் இன்னொரு பயன் இருக்கிறது. அது அறிக்கையை இணையப் பக்கம்போல் அமைத்து, வீஸிபிரிண்ட் என்ற கருவியால் பி.டி.எஃப். ஆக்குகிறது, அந்த வழியில் தமிழ் எழுத்துகள் பிழையின்றி வடிவம் பெறும். ஓப்பன்எலிஸின் அறிக்கைகளோ ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் என்ற பழைய வழியில் வருபவை. அதன் பி.டி.எஃப். வெளியீட்டில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் இடம்மாறாமல், எழுத்து சிதைந்து நிற்கும் தொல்லை இந்திய மொழிகளுக்கு நெடுநாளாக உண்டு. பரிசோதனைப் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டாலும், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கப்பட்டதா, மருத்துவரை உடனே பார்க்க வேண்டுமா என்ற இரண்டு வரிகள் தமிழில் இருந்தால் நோயாளியின் வீட்டில் அதைப் படிப்பவருக்குப் பெரிய உதவி. அந்த இரண்டு வரிகளை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஓப்பன்எலிஸைத் தேர்பவர்கள் அவற்றைப் படமாகச் செருகுவதோ, அறிக்கையை வேறு வழியில் அச்சிடுவதோ போன்ற சுற்றுவழியை நாட வேண்டியிருக்கும்.

இவ்வளவு இருந்தும் செனைட்டை நான் தயங்கித்தான் பரிந்துரைப்பேன். பைத்தான் மொழியில், ப்ளோன் என்ற தளத்தின்மேல் கட்டப்பட்டு, தரவை ஸோப்-டி.பி. என்ற பொருள்சார் தரவுத்தளத்தில் வைக்கிறது. வழக்கமான எஸ்கியூஎல் வினவல்கள் அங்கே செல்லாது. சென்ற மாதம் டெங்கு என்.எஸ்.1 சோதனையில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வந்தது, எந்தெந்த ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள் என்று கேட்டால், போஸ்ட்கிரெஸ் தெரிந்த எந்தக் கல்லூரி மாணவரும் ஓப்பன்எலிஸில் அரை மணி நேரத்தில் எடுத்துத் தருவார். செனைட்டில் அதன் இணைப்பு நிரல் வழியாகச் சென்று எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். தரவுக் கோப்பு பெருத்துக்கொண்டே போகாதிருக்க அதை அவ்வப்போது சுருக்கும் வேலையும் உண்டு. கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ ஜாவாவும் போஸ்ட்கிரெஸ்ஸும் அறிந்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. ப்ளோன் அறிந்தவரைத் தேடுவது கடினம். பழுதுபார்க்க ஆள் கிடைக்காத கருவியை, எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், ஆய்வகத்துக்கு வாங்கமாட்டோம்; மென்பொருளுக்கும் அந்த விதியே பொருந்த வேண்டும்.

பிளிஸ் பற்றிச் சில வரிகள் போதும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் கேமரூன், கானா முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வகங்களுக்காக உருவாக்கியது அது. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது, சாதாரண விண்டோஸ் கணினியில் இயங்கும். கையால் எழுதும் பதிவேட்டைத் தேடத்தக்க பதிவாக மாற்றுவதே இலக்கு என்றால், கருவிகள் குறைந்த ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ மலைக்கிராம மருத்துவமனைக்கோ அது போதும். நாம் எடுத்துக்கொண்ட நூறு படுக்கை மருத்துவமனைக்குப் போதாது.

உரிமமும் அதன் எல்லையும்

ஓப்பன்எலிஸ் குளோபல் மோசில்லா உரிமத்திலும், பாம்னி ஏ.ஜி.பி.எல். உரிமத்திலும், செனைட் ஜி.பி.எல். உரிமத்திலும் கிடைக்கின்றன. தன் தேவைக்காக நிறுவிப் பயன்படுத்தும் மருத்துவமனைக்கு இந்த வேறுபாடு நடைமுறையில் பெரிதாகத் தெரியாது. திருத்தி மற்றவர்களுக்குச் சேவையாக விற்க நினைப்பவரே நுணுகிப் படிக்க வேண்டும். ஆனால் கட்டற்ற உரிமம் எதற்குக் காப்பு, எதற்குக் காப்பு இல்லை என்பதை அண்மையில் நடந்த ஒன்று தெளிவாக்கியது. கருவிகளுக்கும் மருத்துவமனை மென்பொருள்களுக்கும் இடையே செய்திகளை மொழிபெயர்த்து அனுப்ப உலகெங்கும் பயன்பட்டுவந்த மிர்த் கனெக்ட் என்ற மென்பொருளை, அதன் உரிமையாளரான நெக்ஸ்ட்ஜென் நிறுவனம் 2025இல் 4.6 பதிப்பிலிருந்து முழு வணிக உரிமத்துக்கு மாற்றிவிட்டது. அதற்கு முன் வெளியான பதிப்பின் மூலநிரல் எல்லோரிடமும் இருந்ததால், பயனர்கள் ஓப்பன் இன்டக்ரேஷன் எஞ்சின் என்ற பெயரில் அதைத் தனியே தொடர்கிறார்கள். ஒரு நிறுவனம் கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் பொருள் நம்முடையதாகவே இருக்கும் என்ற உறுதியைக் கட்டற்ற உரிமம் தருகிறது; அடுத்த பாதுகாப்புத் திருத்தத்தை யாராவது எழுதித்தருவார்கள் என்ற உறுதியை அது தருவதில்லை. எனவே ஒரே நிறுவனத்தை மட்டும் நம்பி நிற்கும் திட்டமா, பல நாடுகளின் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் தாங்கும் திட்டமா என்று பார்ப்பது உரிமத்தின் பெயரைப் பார்ப்பதைவிட முக்கியம். இந்த அளவுகோலில் ஓப்பன்எலிஸ் குளோபலும் பாம்னியும் செனைட்டைவிட உறுதியாக நிற்கின்றன.

வாடகைக்குக் கிடைக்கும் வணிக மென்பொருள்களை நான் இகழவில்லை. அவர்கள் கருவி இணைப்பை நேரில் வந்து செய்துதருகிறார்கள், தொலைபேசியில் அழைத்தால் பேசுகிறார்கள். கணினி அறிந்த ஒருவர்கூட இல்லாத ஆய்வகத்துக்கு அதுவே பாதுகாப்பான வழியாக இருக்கலாம். ஒப்பந்தம் முடிந்தால் பழைய அறிக்கைகள் அனைத்தும் எந்த வடிவில் நம் கைக்குத் திரும்பும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடக் கூடாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்தரவுப் பாதுகாப்புச் சட்டப்படியும், இலங்கையின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படியும் நோயாளியின் தரவுக்கான பொறுப்பு, மென்பொருள் யாருடையதாக இருந்தாலும், ஆய்வகத்தின் தோளில்தான் இருக்கிறது.

கட்டற்ற வழியின் உண்மையான செலவு ஆள். சர்வர் ஒன்று, அதற்குத் தடையில்லா மின்சாரம், பார்கோடு அச்சுப்பொறி, படிப்பான், பிணையக் கம்பிகள் ஆகியவை ஒருமுறைச் செலவு. பரிசோதனைப் பட்டியலை அமைப்பதுதான் நெடிய வேலை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முறை, அலகு, தசம இடங்கள், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வரம்பு, உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டிய எல்லை ஆகியவற்றை எழுத வேண்டும். பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபினுக்குப் பெரியவரின் வரம்பை அச்சிடும் அறிக்கைகளை இன்றும் காண்கிறோம். அதே பட்டியலில் ஒவ்வொரு பரிசோதனைக்கும், ஆய்வகச் சோதனைகளை உலகெங்கும் ஒரே மாதிரி அடையாளம் காட்டும் லாயின்க் குறியீட்டையும் சேர்த்துவிட வேண்டும். 1994இல் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் தொடங்கிய இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தக் கட்டணமில்லை. பின்னால் சேர்க்கலாம் என்று விட்டால் யாரும் சேர்ப்பதில்லை. இந்த வேலையை வெளியிலிருந்து வரும் மென்பொருள் பொறியாளர் செய்ய முடியாது. ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் ஒருவருக்கு அன்றாட வேலையில் பாதியைக் குறைத்து, இதை அவர் பொறுப்பில் விட வேண்டும். அப்படி ஒருவரை ஒதுக்க நிர்வாகம் மறுத்தால், எந்த மென்பொருளையும் தொடங்காமல் இருப்பதே மேல்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, மேலே சொன்ன மருத்துவமனைக்கு நான் ஓப்பன்எலிஸ் குளோபலையே தேர்வேன். இரத்தவியலையும் உயிர்வேதியியலையும் முதலில் அதில் ஏற்றி, செல் கவுன்டரை முதற்கருவியாக இணைத்து, நுண்ணுயிரியலை அவசரப்படாமல் பின்னால் கொண்டுவருவேன். மருத்துவர்கள் பிறகு கணினிக்கு வரும்போது ஓப்பன்எம்.ஆர்.எஸ்.ஸை அதனோடு இணைக்கலாம். இன்றே முழு மருத்துவமனையும் மாறத் தயாராக இருந்தால் மட்டும் பாம்னி. குடிநீர்ச் சோதனையும் வளர்ப்புச் சோதனையும் பெரும்பகுதியாக உள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வகம், பைத்தான் அறிந்த ஒருவரைப் பணியில் வைத்திருந்தால், செனைட்டை எடுக்கலாம்.

நிறுவியபின் பழைய முறையைக் கைவிடுவதற்குமுன், இரண்டையும் சில வாரம் இணையாக நடத்தி, அந்த நாள்களில் நான்கு சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். கருவித் திரையிலுள்ள எண்ணையும் அச்சான அறிக்கையிலுள்ள எண்ணையும், தசமப் புள்ளியும் அலகும் உட்பட, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். வெளியான ஓர் அறிக்கையை வேண்டுமென்றே திருத்தி, பழைய முடிவும் திருத்தியவர் பெயரும் நேரமும் பதிவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதே பிணையக் கம்பியைக் கழற்றி, மீண்டும் செருகியதும் கருவி அனுப்பாமல் விட்ட முடிவுகள் வந்துசேர்கின்றனவா, இரட்டிக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். கடைசியாக, முந்தைய இரவின் காப்புப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய அறிக்கை ஒன்றை அங்கிருந்து அச்சிட வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் பதிவேட்டை மூடக் கூடாது.